பெட்டிங் கடைக் கணக்கு

கிழக்கு லண்டனில் ஒரு பெட்டிங் கடையின் கவுண்டரில் சில வருடங்கள் நின்றவன் நான். சனிக்கிழமை மதியம் பந்தயத் துண்டு எழுத வரும் நம் ஆட்கள் அநேகமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, இண்டைக்கு ஆர் வெல்லும்?" அது எனக்கும் தெரியாது, கடைக்கும் தெரியாது. கடைக்குத் தெரிந்ததெல்லாம் விலை. ஆர்சனல் வெல்வதற்கு ஒரு விலை, சமநிலைக்கு ஒரு விலை, தோற்பதற்கு ஒரு விலை. ஒட்ஸ் என்று திரையில் ஓடுகிற எண்கள் அந்த விலைதான். அதை வாசிக்கத் தெரியாமல் காசு வைப்பது, விலைச்சீட்டைப் பார்க்காமல் கூறைச் சேலை எடுப்பது மாதிரி. சேலை நல்லதாகவே இருக்கலாம். கொடுத்த காசுக்குப் பெறுமா என்பது வேறு கேள்வி.

பிரிட்டனில் கடைக்குள் இன்னமும் பின்னக் கணக்குத்தான். 5/2 என்று இருந்தால், 2 பவுண் வைத்தவருக்கு 5 பவுண் லாபம். வைத்த 2 பவுணும் திரும்பி வரும், ஆக கையில் 7. இனி அதையே மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு எண்களையும் கூட்டினால் 7. கீழே உள்ள 2ஐ அந்த 7ஆல் வகுத்தால் நூற்றுக்கு 28.6. அது நடக்க அவ்வளவு வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட விலை அது. 4/6 என்றால் 6 வைத்து 4 எடுப்பது. 6ஐ 10ஆல் வகுத்தால் நூற்றுக்கு 60. ஈவன்ஸ் என்றால் வைத்த அளவே லாபம், சரி பாதி வாய்ப்பு.

பின்னத்தைச் சுருக்கி எழுதச் சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கியவர்களுக்கு இந்த எண்கள் எரிச்சல் மூட்டும். 3/2 என்று கடையில் எவரும் எழுதமாட்டார்கள், 6/4தான். 2/3 கிடையாது, 4/6. 10/3ஐ 100/30 என்பார்கள். குதிரைப் பந்தயக்காரர்களின் பழக்கம் அப்படியே உதைபந்தாட்டத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. புதிதாக வருபவர்களுக்கு நான் தசமத்தையே சொல்லிக்கொடுப்பேன். தொலைபேசிச் செயலியில் ஓரிடத்தில் தட்டினால் 5/2 என்பது 3.50 ஆகிவிடும், வைத்த காசும் அதற்குள் அடக்கம். 1ஐ 3.50ஆல் வகுத்தால் அதே 28.6. 13/8 கூடவா, 17/10 கூடவா என்று வரிசையில் நின்று தலையைச் சொறியவேண்டிய தேவை இல்லை.

வாய்ப்பை நூற்றுக்கு இவ்வளவு என்று வாசிக்கப் பழகியதும் கடையின் வருமானம் எங்கே இருக்கிறது என்பது தெரியத் தொடங்கும். ஓர் ஆட்டத்தில் சொந்த மைதான அணிக்கு 2.10, சமநிலைக்கு 3.40, வந்த அணிக்கு 3.50 என்று வைப்போம். மூன்றையும் மாற்றினால் 47.6, 29.4, 28.6. கூட்டுங்கள்: 105.6. மூன்றில் ஒன்றுதான் நடக்கமுடியும் என்பதால் மொத்தம் 100 வரவேண்டும். மிச்சமாக நிற்கிற அந்த 5.6தான் கடை வாடகை, மின்சாரம், என் சம்பளம், பங்குதாரரின் லாபம் எல்லாம். எது நடந்தாலும் 100 பவுண் வரும்படி மூன்றிலும் பிரித்து வைக்கப் பார்த்தால் 105 பவுண் 60 பென்ஸ் செலவாகும். இந்தக் கூட்டல் ஒரு நிமிட வேலை. எந்தப் பந்தயத்தைத் தொடுவதற்கு முன்னும் இதைச் செய்யுங்கள் என்பதே நான் யாருக்கும் சொல்லும் முதல் புத்தி.

பெரிய லீக்குகளின் வெற்றி, தோல்வி, சமநிலைப் பந்தயத்தில் இந்தக் கூடுதல் சிறியது. முதல் கோல் யார் அடிப்பார், சரியான கோல் கணக்கு என்ன என்ற பக்கம் போனால் அது வீங்கும். சரியான கோல் கணக்கின் விலைகள் எல்லாவற்றையும் வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். 120ஐத் தாண்டி நிற்பதைக் காண்பீர்கள். 80/1, 100/1 என்று கண்ணைப் பறிக்கும் எண்கள் இருக்கிற இடத்தில்தான் கடைக்கு வருமானம் கூட. கடைக் கண்ணாடியில் பெரிதாக அச்சடித்து ஒட்ட எங்களுக்குக் கொடுக்கப்பட்ட விளம்பரத் தாள்களும் பெரும்பாலும் அந்த வகைதான்.

அடுத்தது அக்குமுலேட்டர். கடை வழக்கில் அதைச் சுருக்கி 'அக்கா' என்பார்கள். முதல் நாள் வேலையில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்து ஆட்டங்களை ஒரே துண்டில் கோர்த்து, ஐந்தும் வந்தால் விலைகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு போகும். ஐந்து அணிகளும் 4/6, 'கட்டாயம் வெல்லும்' வகை என்று வையுங்கள். 5 பவுண் வைத்தால் 64 பவுண் வரும் என்று துண்டில் இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 4/6 என்பது நூற்றுக்கு 60 என்று சொன்னாலும், கடையின் கூடுதலைக் கழித்தால் உண்மையில் 57க்கும் குறைவு. ஐந்தும் சேர்ந்து வருவதற்கான வாய்ப்பு 17இல் ஒன்று. நியாயமான விலை என்றால் 84, 85 பவுண் தரவேண்டும். 64 தருகிறார்கள். தனி ஆட்டத்தில் 5 பவுண் சொச்சமாக இருந்த கடை எடுப்பு, ஐந்து கோர்த்ததும் 100 பவுணுக்கு 24 பவுண் ஆகிவிட்டது. நான்கு வந்து ஐந்தாவது கடைசி நிமிடத்தில் கவிழ்ந்த துண்டுகளைக் கொண்டுவந்து காட்டி, 'மட்டுமட்டாய்ப் போச்சுது' என்று சொல்லாத சனிக்கிழமை கிடையாது. மட்டுமட்டாகப் போவது அதிசயம் இல்லை. அந்தக் கணக்கில் அதுதான் அடிக்கடி நடக்கவேண்டியது. நண்பர்களோடு சேர்ந்து 2 பவுண் போட்டு மாலை முழுக்கக் கத்துவதற்கு அக்குமுலேட்டர் நல்ல பொழுதுபோக்கு. அதற்கு மேல் அதில் வைக்காதீர்கள்.

விதிகளை வாசிப்பது பற்றியும் சொல்லவேண்டும். 2022 டிசம்பர் 18, கத்தாரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அர்ஜென்டினா வெல்லும் என்று 20 பவுண் கட்டிய ஓர் அண்ணை, 80 நிமிடம் வரை கடைக்குள் ராசாவாக உலாவினார். 2-0. பிறகு பிரான்சின் எம்பாப்பே ஒரு பெனால்டி, அடுத்த நிமிடமே இன்னொரு கோல். மேலதிக நேரத்தில் 3-3, கடைசியில் பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா. அவர் துண்டை நீட்டினார்.

"தம்பி, மெஸ்சி கப்பைத் தூக்கிப்போட்டான், காசை எடும்."

"அண்ணை, நீங்கள் கட்டினது 90 நிமிஷத்துக்கு. அது 2-2."

"அப்ப பெனால்டியிலை வெண்டது வெற்றி இல்லையோ?"

"கப்பை ஆர் தூக்கிறது எண்டு வேறை ஒரு பெட் இருக்கு. அதைக் கட்டியிருந்தால் காசு."

"அப்ப இந்த மட்ச்சுக்கு ஆருக்குத்தான் காசு குடுக்கிறியள்?"

"சமநிலை எண்டு கட்டினவைக்கு."

"உலகக் கப் ஃபைனலுக்கு சமநிலை எண்டு எந்த விசரன் கட்டுவான்?"

கட்டியவர்கள் இருந்தார்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் ஒருவரே நின்றார். ஆட்ட முடிவு என்று போட்டிருந்தால் அது 90 நிமிடமும் நடுவர் சேர்க்கும் காயநேரமும் மட்டும். மேலதிக நேரமும் பெனால்டி உதைகளும் கணக்கில் வராது. கிண்ணப் போட்டிகளில் 'அடுத்த சுற்றுக்குத் தகுதி', 'கிண்ணத்தைத் தூக்குவது' என்று தனியாக இருக்கும். விலை குறைவு, ஆனால் நீங்கள் மனதில் நினைப்பது பெரும்பாலும் அதைத்தான்.

சரி, இந்த விலைகளை யார் போடுகிறார்கள்? கடை மனேஜர் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் மனேஜருக்கு ஓஃப்சைட் விதியே ஒழுங்காகத் தெரியாது. விலை தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறது; அங்கும் கணினி மாதிரிகள் முதல் விலையைப் போடுகின்றன, பிறகு பெரிய காசு அதைத் தள்ளித் திருத்துகிறது. அந்தப் பெரிய காசு யாருடையது என்பதற்கு இரண்டு பேரைச் சொன்னால் போதும். பிரைட்டன் கழகத்தின் உரிமையாளர் டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்ட் கழகத்தை வளர்த்த மேத்யூ பென்ஹாம். இருவரும் உதைபந்தாட்டப் பந்தயத்தில் புள்ளிவிவரத்தை வைத்தே பணக்காரர் ஆனவர்கள். பென்ஹாம் ஒக்ஸ்ஃபோர்டில் பௌதிகம் படித்தவர். முன்பு ப்ளூமிடம் வேலை செய்தவர். இவர்களின் ஆய்வு நிறுவனங்களில் ஆட்டம் ஆட்டமாகப் பார்த்து எண்ணாக்குவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பின்கள வீரருக்குக் காலில் நோவு என்று நீங்கள் காலைப் பேப்பரில் வாசிக்கும்போது அது ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது.

ஆகவே நீங்கள் கெட்டிக்காரரா என்பதை அளக்க வென்ற துண்டுகளை எண்ணாதீர்கள். வேறொரு சோதனை இருக்கிறது: நீங்கள் வாங்கிய விலையையும் ஆட்டம் தொடங்கும் நேரத்து விலையையும் எழுதி வையுங்கள். அணிப்பட்டியல் வந்து, பெரிய காசும் இறங்கிய பிறகு நிற்கும் அந்தக் கடைசி விலைதான் இருப்பதற்குள் உண்மைக்கு மிக அருகானது. நீங்கள் 2.50க்கு வாங்கியது தொடக்கத்தில் 2.30 ஆகிவிட்டதா? அந்தத் துண்டு தோற்றாலும் நீங்கள் நல்ல கொள்முதல் செய்திருக்கிறீர்கள். 2.50க்கு வாங்கியது 2.75 ஆகி, பிறகு வென்றும் விட்டதா? அது அதிர்ஷ்டம், கொண்டாடுங்கள், ஆனால் அறிவு என்று நினைக்கவேண்டாம். கொப்பியில் ஒரு பருவம் முழுக்க இதை எழுதியவர் பெட்டிங்கில் கண்டுகொள்ளும் உண்மை, அதே பருவத்தில் பத்திரிகைக் கணிப்புகள் எல்லாவற்றையும் வாசித்தவருக்குக் கிடைக்காது.

உதைபந்தாட்டம் கோல் குறைந்த விளையாட்டு என்பதை மறந்துவிடுகிறோம். பிரீமியர் லீக்கில் பெரும்பாலான பருவங்களில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட கோல்கள்தான். 2023-24இல் அது மூன்றைத் தாண்டியபோது பெரிய செய்தியானது. இவ்வளவு குறைவாகக் கோல் விழும் ஆட்டத்தில் ஒரு தடுக்கல், ஒரு கம்பத்து அடி, ஒரு வீடியோ நடுவர் முடிவு எல்லாவற்றையும் மாற்றிவிடும். 'கடைசி ஐந்து ஆட்டத்தில் நான்கு வெற்றி' என்பது அதனால் பெரிய சாட்சியம் அல்ல. எந்த அணிகளோடு, எங்கே, எத்தனை நல்ல வாய்ப்புகளை உண்டாக்கி என்று பார்க்கவேண்டும். வாய்ப்புகளின் தரத்தை அளக்கும் 'எதிர்பார்ப்புக் கோல்' எண் இப்போது தொலைக்காட்சியிலேயே காட்டப்படுகிறது. ஒரே ஆட்டத்துக்கு அது வெறும் எண். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் கோல் கணக்கு மறைத்ததைக் காட்டும்.

சொந்த மைதானப் பலன் உண்மையானது. கொரோனாவில் மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்த 2020-21 பருவத்தில் பிரீமியர் லீக்கில் சொந்த மைதான வெற்றிகளைவிட வெளி வெற்றிகள் கூடிவிட்டன. இங்கிலாந்தின் உயர் பிரிவில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. கத்துகிற கூட்டத்துக்கு எவ்வளவு பெறுமதி என்று அன்று தெரிந்தது. ஆனால் அந்தப் பலனும் விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் கண்டுபிடிக்கிற உண்மை விலைக்குள் இல்லாததாக இருந்தால்தான் காசு. சொந்தக் கழகத்துக்குக் கட்டவே கட்டாதீர்கள் என்பதும் இதனால்தான். லிவர்பூல் ரசிகன் லிவர்பூலைப் பற்றி நிறையத் தெரிந்தவன். லிவர்பூலின் விலையைப் பார்க்கத் தெரியாதவன்.

இவ்வளவும் சொல்லும்போது யாராவது லெஸ்டரைக் கொண்டுவருவார்கள். 2015-16 பருவத் தொடக்கத்தில் லெஸ்டர் சிட்டி பட்டம் வெல்ல 5000/1. முந்தைய பருவத்தில் ஏப்ரல் வரை அடிமட்டத்தில் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பிய அணி. 2016 மே 2ஆம் திகதி செல்சியுடன் டோட்டன்ஹாம் 2-2 என்று நின்றதும் அவர்கள் சம்பியன். விலை பிழை என்று எல்லோரும் இப்போது சொல்கிறார்கள். பிழைதான்; 5000 பருவத்தில் ஒரு தடவை என்று எந்தக் கணக்கும் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த விலையில் வாங்கியவர்கள் கணக்குப் பார்த்து வாங்கவில்லை, ஊர்ப் பாசத்தில் ஒன்றிரண்டு பவுண் போட்டவர்கள். அவர்களிலும் சிலர் பாதி வழியில், துண்டை முடிவுக்கு முன்பே கடைக்குத் திருப்பி விற்கும் 'கேஷ் அவுட்' பொத்தானை அழுத்திக் கொஞ்சத்தோடு வெளியேறினார்கள். அந்தப் பொத்தானைக் கொஞ்சம் கவனியுங்கள். 10 பவுணை 4.00க்குக் கட்டி, உங்கள் அணி 70ஆவது நிமிடத்தில் முன்னிலையில் நிற்கிறது, வெல்ல நூற்றுக்கு 80 வாய்ப்பு என்றால், துண்டின் நியாயமான பெறுமதி 32 பவுண். திரையில் 29 அல்லது 30 காட்டும். வாங்கும்போது ஒருதரம் கொடுத்த கடைப் பங்கை விற்கும்போது இன்னொருதரம் கொடுக்கிறீர்கள்.

இனிக் காசு. மாதம் எவ்வளவு போனால் வீட்டில் எவரும் கவனிக்கமாட்டார்களோ அவ்வளவுதான் உங்கள் தொகை. அதைக் கட்டுச்சாதம் போல் முழுசாகக் கொண்டுபோய் ஒரே ஆட்டத்தில் அவிழ்க்காமல், ஒவ்வொரு தடவையும் நூற்றில் ஒரு பங்கு, கூடினால் இரண்டு. ஜோன் கெல்லி என்ற பெல் ஆய்வுகூட ஆய்வாளர் 1956இல் எழுதிய சூத்திரம் ஒன்று இதற்கு இருக்கிறது. 3.50 விலைக்கு உங்கள் கணிப்பில் நூற்றுக்கு 30 வாய்ப்பு என்றால் 0.30ஐ 3.50ஆல் பெருக்கி 1ஐக் கழியுங்கள்: 0.05. அதை 2.50ஆல் வகுத்தால் 0.02. கையிருப்பில் நூற்றுக்கு 2 வைக்கலாம். உங்கள் கணிப்பு 28 என்றால் விடை பூச்சியத்துக்குக் கீழே போகும். கட்டாதே என்று அர்த்தம். கெல்லி பாவம், பெரும்பாலான ஆட்டங்களுக்கு அதைத்தான் சொல்கிறார். உங்கள் 30 உண்மையில் 27ஆக இருக்கக்கூடும் என்பதால் சூத்திரம் சொல்வதில் பாதிக்கு மேல் நான் போவதில்லை.

தோற்ற காசைத் துரத்துவது கவுண்டரில் நின்றால் முகத்திலேயே தெரியும். மதிய ஆட்டம் தோற்றவர் வீட்டுக்குப் போகாமல் மாலை ஐந்தரை ஆட்டத்துக்கு இரட்டிப்பாக வைப்பார். நடுவே இருக்கிற நேரத்தில் மூலையில் உள்ள ரூலட் இயந்திரத்தில் போய் இருப்பார். 2019 ஏப்ரல் வரை அந்த இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு 100 பவுண் வரை வைக்கலாம். பிறகு அரசு 2 பவுணாகக் குறைத்தது. உதைபந்தாட்டத்தில் கணக்காக இருந்து அங்கே வெறுங்கையானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டத்துக்குத் துண்டு எழுதினால் உடனே வெளியே போய்த் தேத்தண்ணி குடியுங்கள். ஆட்டம் நடக்கும்போது தொலைபேசியில் கட்டுவதும் எனக்கு உவப்பில்லை. உங்கள் திரை சில வினாடிகள் பின்தங்கியது, கடையின் தகவல் அப்படியல்ல.

கடன் அட்டையில் பந்தயம் கட்டுவது பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் தடை. ஆனால் கடன் வாங்க அட்டை ஒன்றுதான் வழியா? சீட்டுக் காசு, வட்டிக் காசு என்று நம் சனத்துக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. வீட்டில் சொல்லாமல் கட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் கணக்கு எதுவும் உதவாது. 'கேம்ஸ்டொப்' என்ற இலவசச் சேவையில் பதிந்தால் ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று நீங்கள் தெரிவுசெய்யும் காலத்துக்கு பிரிட்டனில் உரிமம் பெற்ற இணையத் தளங்கள் எல்லாம் உங்களுக்குப் பூட்டு. கடைகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். படம் கொடுத்தால் அந்த வட்டாரக் கடைகளில் வைத்திருப்பார்கள். தேசிய உதவி எண் 0808 8020 133, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று: அங்கே 2025இல் வந்த சட்டம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது. நீங்கள் கணக்கை மட்டும் ரசியுங்கள்.

கடைசியாக, ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் விலை பார்ப்பது. ஒரே ஆட்டத்துக்கு ஓரிடத்தில் 2.10, இன்னோரிடத்தில் 2.20 என்று இருக்கும். துண்டு ஒன்றுக்கு அது சில்லறை. வருடம் முழுக்கச் சேர்த்தால் கடை எடுப்பில் பாதி அதிலேயே கழிந்துவிடும். எவ்வளவு படித்தாலும் வராத ஆதாயம் இதில் இரண்டு நிமிடத்தில் வருகிறது. ஆனால் தொடர்ந்து நல்ல விலையில் மட்டும் வாங்குபவரைக் கடைகள் விரும்புவதில்லை. அப்படிப்பட்டவரின் இணையக் கணக்கில் ஒருநாள் மின்னஞ்சல் வரும்: இனி நீங்கள் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை பவுணுக்கு மேல் கட்டமுடியாது. காரணம் சொல்லமாட்டார்கள். சில பேருக்கு அந்த அளவு ஒரு பவுணுக்கும் கீழே போயிருக்கிறது. விலை பார்க்கத் தெரிந்தவர் என்று கடையே எழுத்தில் கொடுக்கிற சான்றிதழ் அது. எனக்கு இன்னும் வரவில்லை.